‘கடைசியா எப்போ குளிச்சீங்க?’ என்று கேட்கும் டாக்டர்களுக்கு

தமிழ்நாட்டில் ஓ.பி. பார்க்கும் எல்லா டாக்டர்களுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனையோ தெருமுனை கிளினிக்கோ, ஒரு பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் நீங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கடைசியா எப்போ குளிச்சீங்க?” புதிதாய்ப் படித்து வந்தவர்கள் “எல்.எம்.பி. எப்போ?” என்பார்கள். இரண்டும் கேட்பது ஒன்றைத்தான்: கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி. (ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் “காலையில ஆறு மணிக்கு டாக்டர்” என்று பதில் சொன்னாள். நர்ஸம்மா சிரித்து முடிக்க நேரமாகிவிட்டது.) நாங்கள் தேதியைச் சொல்வோம், நீங்கள் சீட்டின் மேல்மூலையில் எழுதிக்கொள்வீர்கள். அதோடு அந்தத் தேதியின் வேலை முடிந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, எக்ஸ்ரே எடுக்கலாமா, இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் அது.

என் பழைய சீட்டுகளை ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். 11 வருடச் சீட்டுகள். போன மாதம் எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்து, மேல்மூலைத் தேதியிலிருந்து நான் வந்து உட்கார்ந்த தேதிவரை விரல்விட்டு எண்ணினேன். 21, 23, 20, 24, 22. அநேகமாக எல்லாச் சீட்டிலும் இதே கதைதான். என்ன வியாதி என்பது சீட்டிலேயே எழுதியிருந்திருக்கிறது. எழுதிய நீங்களும் பார்க்கவில்லை, சொன்ன நானும் பார்க்கவில்லை.

எனக்கு 35 வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஏழு வயதில் ஒரு மகள். மாதத்தில் பதினெட்டு நாள் நான் நன்றாகத்தான் இருப்பேன். அப்புறம் ஒரு நாள் காலையில் கண் விழிக்கும்போதே தெரிந்துவிடும், ஆள் மாறிவிட்டது என்று. குக்கர் விசில் நெஞ்சுக்குள் குத்தும். மகள் சாக்ஸ் ஒன்றைக் காணோம் என்றால் கத்துவேன். அது அழுதால் நானும் அழுவேன். ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன், எடுத்த கையோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். பால் காய்ந்து கருகிய வாசனை வந்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நான் இல்லாமல் போய்விட்டால் இந்த வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள் என்பது மட்டும் அன்றைக்குக் கணக்குப் போட்டது போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் எனக்கு மாதவிலக்கு வந்தது. அதற்கடுத்த நாள் காபி போட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்த பார்வை இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல. எனக்கே வெட்கமாக இருந்தது. முந்தா நாள்வரை சாகலாமா என்று யோசித்தவளுக்கு இன்றைக்குப் பாட்டு வருகிறது என்றால், நடிக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்? நானே அப்படித்தான் நினைத்தேன்.

இதைச் சொல்லிக்கொண்டு உங்களிடம் வராமல் இல்லை. முதலில் பார்த்தவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். ஆனது. மூன்றாமவர் ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். பிறந்தது. நான்காமவர் உண்மையிலேயே பொறுமையானவர். தைராய்டு, ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் எழுதிக்கொடுத்து, ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, “எல்லாமே நார்மல்மா, சந்தோஷமா இருங்க” என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். நார்மல் என்று கேட்டு அழுத நோயாளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த வியாதியில் ஹார்மோன் அளவு நார்மலாகத்தான் இருக்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் செய்து 1998இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். மாதாமாதம் இப்படிப் படும் பெண்களுக்கு மருந்து கொடுத்துச் சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். பலருக்குத் தொல்லை அடங்கியது. பிறகு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ சாதாரண அளவிலேயே திருப்பிக் கொடுத்தபோது அழுகையும் எரிச்சலும் திரும்ப வந்துவிட்டன. இந்தத் தொந்தரவே இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆக, எல்லார் உடம்பிலும் ஏறி இறங்கும் அதே ஹார்மோன்தான். அந்த ஏற்ற இறக்கத்தைச் சில பேருடைய மூளை தாங்குவதில்லை. ரத்தப் பரிசோதனையில் இது எப்படித் தெரியும்?

இதற்குப் பெயரும் இருக்கிறது: பி.எம்.டி.டி. (பிரீமென்ஸ்ட்ருவல் டிஸ்போரிக் டிஸார்டர்), அதாவது மாதவிலக்குக்கு முன்னால் வரும் கடுமையான மனத்தொல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேட்டில் 2013இலேயே தனி நோயாகச் சேர்த்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பட்டியலிலும் இருக்கிறது. மாதவிலக்கு வரும் பெண்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் முதல் எட்டுப் பேர் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. குறைந்த கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓ.பி.யில் ஒரு வாரத்துக்கு எத்தனை பெண்கள் உட்கார்ந்து எழுகிறார்கள்?

எனக்கு இது எப்படிப் பிடிபட்டது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். போன வருடம் ஆபீஸ் மெயிலில் பழைய பில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். டிராஃப்டில் ஏழு ராஜினாமாக் கடிதங்கள் கிடந்தன. எல்லாம் நான் எழுதியவை, ஒன்றையும் அனுப்பவில்லை. மார்ச் 4, ஏப்ரல் 1, ஏப்ரல் 28, மே 27... கணக்குப் பிரிவில் இருக்கிறவளுக்கு எண்களைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கழித்துப் பார்த்தேன். 28, 27, 29. மானேஜர் மேல் அவ்வளவு கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறதென்றால், அது மானேஜரால் மட்டும் வருவதாக இருக்க முடியாது.

அன்று மாலை மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், கரண்டு பில் எல்லாம் ஏற்கெனவே இருக்கும் அதே காலண்டர்தான். தினமும் படுக்கப் போகுமுன் ஒன்று முதல் ஆறுக்குள் ஒரு நம்பர். ஒன்று என்றால் தேவலை, ஆறு என்றால் சொல்லத் தேவையில்லை. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா காலண்டரை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு பக்கம் பி.பி. மிஷினையும் மறுபக்கம் தன் டிபன் பாக்ஸையும் வைத்துக்கொண்டு, பேனாவால் எண்ணினார். இன்னும் ஒரு மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். இரண்டு சுழற்சியாவது பார்க்காமல் முடிவு சொல்ல முடியாதாம். மாதம் முழுக்க இருக்கும் மனச்சோர்வு, மாதவிலக்கு சமயத்தில் கொஞ்சம் கூடுவது வேறு. வந்தபின் ஒரு வாரம் சுத்தமாக இல்லாமல் போய், மறுபடி தலைதூக்குவது வேறு. மருந்து கொடுக்கும் முறையும் மாறும். 11 வருடத்தில் அந்தத் தேதியை எனக்காக எண்ணிய முதல் ஆள் அவர்தான்.

எங்கள் தேதியை எண்ணாத ஆள் யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள். சாமி அறைக்குள் போகலாமா என்று அத்தை எண்ணுவார்கள். கோயிலுக்குப் போக, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்க, குடும்பமே எண்ணும். கணக்கு உதைத்தால் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி வரச் சொல்வார்கள்; சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கொடுப்பார்கள். கல்யாணம் ஆன மறுமாதத்திலிருந்து “குளிச்சுட்டாளா?” என்று ஊரே எண்ணும். எண்ணத் தெரியாத ஊர் இல்லை இது. எனக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும் யாரும் எண்ணவில்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி கிண்டி, தூக்குப்போசியில் கொண்டுவந்து கொடுப்பார். “இடுப்புக்குத் தெம்பு கண்ணு.” சாப்பிட்ட அன்று மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது உண்மை. ஆனால் களி தின்றால் அந்த இருபதாம் நாள் வராமல் போய்விடாது.

மருந்து பற்றி நீங்கள் என்னிடம் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்ததைச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மாத்திரைகள்தான். மனச்சோர்வில் அவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். இதில் சில நாட்களிலேயே கேட்கிறது. அதனால் சில பேருக்கு மாதம் முழுக்க வேண்டாம், பின்பாதி பதினாலு நாள் மட்டும் எடுத்தால் போதும். எனக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் குமட்டியது. மெடிக்கல்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஆறு போட்டுக்கொண்டிருந்த நாட்களில் இப்போது மூன்று, கெட்ட மாதத்தில் நான்கு. டிராஃப்டில் எட்டாவது கடிதம் இல்லை. சில பேருக்கு டிராஸ்பிரினோன் கலந்த கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்கிறதாம். ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு அது ஆகாது. எனக்கு ஒத்துக்கொண்டது உங்கள் எதிரில் உட்காரும் அடுத்த பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வரவில்லை.

வலியால் படுகிறவர்கள் கதை தனி. எங்கள் தையல் பிரிவில் ஓர் அக்கா மாதம் மூன்று நாள் மெஃப்டாலை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டுதான் மிஷினில் உட்காருகிறார். அந்த மாத்திரையில் இருக்கும் மெஃபனமிக் அமிலம் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்ததெல்லாம் அவருக்கு யார் சொல்வது? அவராவது அட்டையில் பெயர் பார்த்து வாங்குகிறார். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் ஒரு செய்தி வெளியிட்டது. வலி என்று சொன்னால், பெயரே இல்லாத மாத்திரையை வேலை நேரத்தில் கையில் கொடுத்து மறுபடி மிஷினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வருடக்கணக்காக இப்படி விழுங்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் விடுப்புக்குத் தாவிவிடுகிறார்கள். பீகாரில் அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 1992 முதல் மாதம் இரண்டு நாள் உண்டு. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு என்று ஒப்புக்கொண்டது. வரட்டும், வலிக்கிறவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் எனக்கு மாதவிலக்கு வந்த நாள் விடுதலையான நாள். நான் மாட்டிக்கொண்டு விழிப்பது அதற்கு முந்தைய வாரத்தில். அதற்கு லீவு லெட்டரில் என்ன காரணம் எழுதுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஜி.எஸ்.டி. பதிவில் இருந்த தவறைக் கொஞ்சம் குரல் உயர்த்திச் சுட்டிக்காட்டினேன். “என்னம்மா, அந்த டைமா?” என்றார் மேலே இருந்தவர், பக்கத்து டேபிள்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடி. அன்று எனக்கு ஒன்பதாம் நாள். பதிவும் தவறுதான், இரண்டு நாள் கழித்து அவரே திருத்தினார். பெண் கோபப்பட்டால் தேதியின் தலையில் கட்டிவிடும் வழக்கம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதனால்தான் எழுதி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஊகமாக எண்ண வேண்டாம், இரண்டு மாதம் எண்ணுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஸ்கேனும் இல்லை, புது மிஷினும் இல்லை. தேதியை எழுதிய கையோடு இன்னொரு கேள்வி. “இந்த மாதிரி ஆகிறது, வருவதற்கு முன்னாடியா, வந்த பிறகா? வந்ததும் விட்டுவிடுகிறதா?” ஆமாம் என்றால், ஒரு தாளில் முப்பது கட்டம் போட்டுக் கொடுங்கள். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், தேதி கணக்கெல்லாம் அப்புறம். முதலில் அன்று இரவு அவள் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணை அந்தச் சீட்டிலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதமும் அதே நாள் வரும் என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுப் படியில் உட்கார்ந்து பி.பி., சுகர் பார்த்துப்போகும் அக்காக்களுக்கும் இந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் தெருவில் வரும் அக்காவிடம் பெண்கள் உங்களிடம் சொல்லாததையெல்லாம் சொல்கிறார்கள்.

இந்த மடலை எட்டாம் நாள் எழுத ஆரம்பித்தேன், முடிக்கும் இன்று பத்தொன்பதாம் நாள். மாத்திரை ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. காரம் எங்கேயாவது தூக்கலாக இருந்தால், அந்தப் பத்தியை எட்டாம் நாளே எழுதிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை உங்களில் யாரிடம் வந்தாலும் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டுதான் வருவேன். விரித்து வைக்க மேசையில் கொஞ்சம் இடம் வேண்டும். ஓரத்தில் இருக்கும் பால் கணக்கைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து ஒரு ஓ.பி. நோயாளி