எந்தக் கூட்டத்துக்குப் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் குடிநோய் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கல்லீரல் படம் போட்டிருந்தீர்கள். நாட்டில் 5.7 கோடிப் பேருக்கு மேல் மதுவிலிருந்து மீள உதவி தேவைப்படுகிறது என்று 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின் கணக்கும் இருந்தது. கடைசி வரியில், "ஆதரவுக் குழுக் கூட்டங்களுக்குச் செல்லலாம்" என்று முடித்துவிட்டீர்கள். எங்கே, எந்த மொழியில், எத்தனை மணிக்கு? எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சிக்கலே அந்தக் கடைசி வரியில்தான் தொடங்குகிறது.

நாங்கள் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறோம். விடியுமுன் அடுப்பு மூட்டினால் பத்து, பதினோரு மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும். அதன் பிறகு என் வீட்டுக்காரருக்குக் கையில் சில்லறையும் இருக்கும், நேரமும் இருக்கும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். இதை அழுத்திச் சொல்கிறேன். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கத்தோடு நிற்காது, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மருத்துவர், "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்" என்றார். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத்தான் சொன்னார். கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். புதிதாக வருபவர் வாய் திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் கிடைத்த முகவரி பாந்த்ரா பக்கம், ஆங்கிலக் கூட்டம். தேநீர் கொடுத்தார்கள், மரியாதையாக நடத்தினார்கள். எல்லாரும் சிரித்தபோது இவரும் சிரித்துவிட்டு வந்தார். அடுத்து ஓர் இந்திக் கூட்டம். இவருக்கு இந்தி தெரியும். விலை சொல்ல, சட்னி வேண்டுமா என்று கேட்க, போலீஸ்காரரிடம் கெஞ்ச, அதற்கெல்லாம் போதுமான இந்தி. மகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துப்போய்க் குடித்ததைச் சொல்ல அந்த இந்தி போதவில்லை. அதைச் சொல்லத்தானே கூட்டம்?

தமிழ்க் கூட்டம் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது, அதுவும் எங்கள் வீட்டுக்கு மிக அருகிலேயே. வாசல் வரை போனவர் திரும்பி வந்துவிட்டார். உள்ளே எங்கள் சீட்டுப் பிடிக்கும் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தாராம். அங்கே பேசுவது அறையைவிட்டு வெளியே போகாது என்பது விதி. அண்ணாச்சியும் இன்றுவரை மூச்சு விடவில்லை. ஆனால் எங்கள் சந்தில் யார் எந்தப் படியில் ஏறினார்கள் என்று பார்ப்பதற்கென்றே நாலு பேர் திண்ணையில் இருக்கிறார்கள். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது தமிழ்க் கூட்டம், ஆனால் நம் தெருக்காரர்கள் இல்லாத தமிழ்க் கூட்டம். கடைசியில் ரயில் ஏறிப் போகும் தூரத்தில் ஒன்று அமைந்தது. மாலையில், அவர் வழக்கமாக மதுக்கடைக்குக் கிளம்பும் நேரத்தில் நடக்கிறது. தீபாவளிக்குக் குடித்தார். அடுத்த கூட்டத்துக்குப் போய் அதையே சொன்னார். யாரும் ஏசவில்லை. இப்போதும் போகிறார்.

நானும் ஒருமுறை கூடவே போய், வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் அமரும் மூடிய கூட்டம், யார் வேண்டுமானாலும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. இதையும் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். குடும்பத்தாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருப்பதும் அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்" என்று சாப்பாட்டில் கலக்கும் பொடிக்கு உங்கள் பத்திரிகையில் வாரம் தவறாமல் விளம்பரம் வருகிறது, தொலைபேசி எண்ணோடு. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? குடியை நிறுத்த மருத்துவர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் போன்ற மருந்தாக இருந்து, அது தெரியாமல் ஒருவர் அதன் மேல் மது குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதற்குக் கட்டம் கட்டி இடம் இருக்கிறது. இலவசமாக நடக்கும் கூட்டத்துக்கு அரை வரி கிடைக்கவில்லை. ஏ.ஏ.காரர்கள் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்க்க மாட்டார்கள், அது அவர்கள் மரபு. நீங்கள்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

கோயில் கொடை, சங்கக் கூட்டம், இலவசக் கண் பரிசோதனை எல்லாம் வரும் உங்கள் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில், மும்பையில் நடக்கும் தமிழ்க் கூட்டங்களையும் சேருங்கள். இடம், கிழமை, நேரம், திறந்ததா மூடியதா, இவ்வளவு போதும். பக்கத்திலேயே போதை மீட்புக்கான அரசின் இலவச உதவி எண் 14446-ஐயும் போடுங்கள். நிருபரை அனுப்புவதாக இருந்தால் திறந்த கூட்டத்துக்கு அனுப்புங்கள், கேமரா வேண்டாம்.

என் பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்கு மட்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை.