கீழவாசலில் வாசல் எங்கே?

மதுரைப் பள்ளிகளில் வரலாறு நடத்தும் சார்களுக்கும் மிஸ்களுக்கும்,

வணக்கம். தெற்குவாசலில் வளர்ந்து, இப்போது லண்டனில் முதுகலை படிக்கும் ஒரு பழைய மாணவன் எழுதுகிறேன். உங்களில் யாரிடமாவது நிச்சயம் திட்டு வாங்கியிருப்பேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை.

போன மாதம் லண்டன் டவருக்குப் போனேன். பெயர்தான் டவர், உண்மையில் அது தேம்ஸ் கரையில் இருக்கும் ராஜாக்களின் கோட்டை. நடுவில் நிற்கும் வெண் கோபுரத்தை 1070-களில் முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கினார். கோகினூர் வைரமும் அங்கேதான் இருக்கிறது. மணிமுடிகளுக்கு முன்னால் நின்று பார்க்க விடமாட்டார்கள். தரையே நகர்ந்து நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. திருப்பதியில் ஆள் சொல்லும் ‘ஜருகண்டி’யை இங்கே தரை சொல்கிறது. அவ்வளவுதான் கோகினூர்.

மனதில் நின்றது வேறு. கருநீல உடுப்பில் சிவப்புக் கரை வைத்த ஒரு காவலர் எங்களைச் சுற்றிக் காட்டினார். யோமன் வார்டர் என்று பெயர். படையில் 22 வருடமாவது இருந்தவர்களைத்தான் அந்த வேலைக்கு எடுப்பார்கள். குடும்பத்தோடு கோட்டைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். மனிதர் மைக் இல்லாமலே மழையையும் மீறிக் கதை சொன்னார். பீச்சம் டவரில் கைதிகள் சுவரில் செதுக்கிய பெயர்களையும் சின்னங்களையும் பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்த்தபோது, திருமலை நாயக்கர் மகால் தூணில் காம்பஸால் பெயர் கிறுக்கிய எங்கள் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. சரி, அதை விடுங்கள்.

அகழிக்கு மேலே நின்று அவர் சொன்னதுதான் விஷயம். இப்போது அங்கே தண்ணீர் இல்லை, புல்தான். நாற்றமும் நோயும் தாங்காமல் 1843-இல் தண்ணீரை வடித்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, எந்த ஊர், உங்கள் ஊரில் கோட்டை உண்டா என்று கேட்டார். “மதுரை. கோட்டை இல்லை, பெரிய கோயில் உண்டு” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அன்று ராத்திரி அம்மா போனில், “கீழவாசல்ல இறங்கி விளக்குத்தூண் போயி அக்காவுக்குச் சேலை எடுத்துட்டு வந்தேன்டா” என்றாள். கீழவாசல். எதற்கு வாசல்? இருபத்திரண்டு வருடம் தெற்குவாசலில் இருந்தவன் அதைக் கேட்டதே இல்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மதுரையைச் சுற்றியே ஒரு கோட்டை இருந்திருக்கிறது, விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்தது. அதன் வாசல்கள்தான் கீழவாசலும் தெற்குவாசலும். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் காவல் அரண்களான கொத்தளங்கள் 72, பாளையக்காரருக்கு ஒன்றாக. வெளியே அகழி. லண்டனில் அகழியை வடித்த அதே காலத்தில்தான் இங்கே கலெக்டர் பிளாக்பர்ன் ஊர் நெரிசலையும் சுகாதாரத்தையும் சொல்லிக் கோட்டையை இடித்து, அந்த மண்ணையும் கல்லையும் போட்டே அகழியை மூடினார். அவர்கள் தண்ணீரை மட்டும் எடுத்தார்கள், நம் ஊரில் சுவரையும் சேர்த்து எடுத்தார்கள். வெள்ளைக்காரனை மட்டும் திட்டி முடித்துவிடவும் முடியாது. இடம் கிடைக்கிறது என்றதும் ஊரே சேர்ந்து இடித்திருக்கிறது. இடித்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும். மாரட் நிலம் அளந்தவர், பெருமாள் மேஸ்திரி வேலையைப் பார்த்துக்கொண்டவர். அம்மா சேலை எடுக்கப் போகும் விளக்குத்தூணே அந்த பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான்!

இவை எதையும் நீங்கள் வகுப்பில் சொல்லவில்லை என்று குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். கேட்பது வேறு. சுற்றுலா என்றால் கொடைக்கானல், மகால் என்றால் ஒலி-ஒளிக் காட்சி என்று வருடா வருடம் போகிறோமே, அதற்குப் பதில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோட்டை இருந்த வழியே நடத்திக் கூட்டிப் போங்கள். கீழவாசலில் நிறுத்தி, வாசல் எங்கே என்று கேளுங்கள். பெரியார் நிலையத்துக்குப் பக்கத்தில் எஞ்சியிருக்கும் கொத்தளத்தைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். நான் அதைத் தாண்டி எத்தனை தடவை பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன்! பத்துத்தூணையும் காட்டுங்கள். நாயக்கர் அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஜவுளிக் கடைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால்தான் புரியும். கதையை அந்த வார்டர் மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள், போதும். 22 வருடம் படையில் இருக்க வேண்டாம், காலை அசெம்பிளியை அடக்கிய தொண்டை போதும்.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் கூட நடக்க வருவேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆச்சு. காலை ஆறரைக்கெல்லாம் விளக்குத்தூணில் இருந்து கிளம்பிவிட வேண்டும். கடைகள் திறந்துவிட்டால் அந்தப் பக்கம் நடக்க இடம் இருக்காது.

அன்புடன்,
தெற்குவாசல் பையன்