மாதக் காசு தருகிறோம், வரும் நாளைச் சொல்லுங்கள்

எங்கள் பகுதியில் குப்பை அள்ளும் பொறுப்பிலுள்ள சபையாருக்கு, திருகோணமலையிலிருந்து வணக்கம்.

போன கிழமையும் குப்பை ட்ரக்டர் எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. அதற்கு முந்திய கிழமை வந்ததாம், யாரும் காணவில்லை. ஆள் இல்லை, டீசல் இல்லை, வண்டி பழுது என்று மூன்று பதிலும் கேட்டுவிட்டேன்.

என் அம்மா இரண்டு வருடமாகப் படுக்கையில். நாளைக்கு 3 பம்பஸ், கிழமைக்கு 21. மீன் கழிவை வாழையடியில் தாட்டுவிடலாம். பம்பஸை என்ன செய்வது? கொளுத்தினால் ஈரத்தில் புகைந்துகொண்டே இருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இழுப்பு. தாட்டால் கிணறு பக்கத்தில். வாசலில் வைத்தால் நாய் இழுத்து ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிடும். ஒருநாள் விடியக்காலை ஈர்க்குமாற்றோடு அதைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன். "என்ன பிள்ளை அங்க சத்தம்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். "நாய் அம்மா" என்றேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனுசி. தன்னுடைய கழிவு தெருவில் கிடந்தது அவருக்குத் தெரியவே கூடாது.

பிறகு 4 வீடு சேர்ந்து ஒரு முச்சக்கர வண்டிக்காரத் தம்பியைப் பிடித்தோம். வீட்டுக்கு மாதம் 500 ரூபாய். சொன்ன நாளில் வந்தார், முகம் சுளிக்காமல் எடுத்தார். காசு கொடுக்க ஒரு வீடும் பின்னிற்கவில்லை. இரண்டு மாதம் நிம்மதி. அப்புறம் ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனபோது, பற்றையோரம் இரண்டு மான்கள் ஒரு பையைக் கடித்து இழுத்துக்கொண்டு நின்றன. கறுப்புப் பை, பச்சை நைலோன் கயிறு. அது நான் போட்ட முடிச்சு.

தம்பியிடம் கேட்டேன். "நான் இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது, அக்கா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஊர் மான்கள் பொலித்தீன் தின்று சாவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு என் காசும் போயிருக்கிறது என்று நினைக்க அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் கேட்கிறேன். கிழமையில் ஒரு நாள், அதில் ஒரு நேரம், மாதம் ஒரு கட்டணம், அதற்கு ஒரு பற்றுச்சீட்டு. காசு தருகிறோம். ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். "வருமெண்டால் தாறேன், வராட்டி ஒரு சதமும் இல்லை" என்றார் ஒரு ஐயா. பெரும்பாலானவர்கள் சொன்னதும் அதுதான். ஆதன வரி கட்டுகிறோமே, இன்னும் ஏன் என்று கேட்டவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான். வீட்டுக் குப்பையை அகற்றுவது சபையின் கடமை என்று 1939ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச் சட்டமும் சொல்கிறது, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் சொல்கிறது. கூலிக்குப் போகும் குடும்பங்களிடம் கட்டணம் வாங்காதீர்கள். மற்றவர்கள் நாங்கள் தருகிறோம்.

2017இல் பக்கத்து ஊரான கிண்ணியாவில் டெங்கு ஆட்களைக் கொண்டுபோனபோது வீடு வீடாக வந்து சிரட்டை கவிழ்க்கச் சொன்னார்கள், கவிழ்த்தோம். அதே வருடம் ஏப்ரல் 14, வருடப்பிறப்பன்று கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு உக்குவது வேறு, உக்காதது வேறு என்று பிரிக்கச் சொன்னீர்கள், பிரித்தோம். இரண்டு பையையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போனதை நான் படலையடியில் நின்று பார்த்தேன். சொன்னதையெல்லாம் செய்த சனத்துக்கு, ட்ரக்டர் எந்த நாள் வரும் என்று சொல்ல ஏன் உங்களால் முடியவில்லை? அந்த ட்ரக்டரில் வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கையுறைகூட இல்லாமல் அள்ளுகிறார்கள். எங்கள் கட்டணத்தில் முதலில் அவர்களுக்குக் கையுறையும் சப்பாத்தும் வாங்கிக் கொடுங்கள்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும், வாசலில் கிடக்கும் பைகள் வெள்ளத்தில் மிதந்து கிணற்றடிக்கு வரும். அதற்கு முன், அடுத்த சபைக் கூட்டத்திலேயே நாளையும் கட்டணத்தையும் முடிவுசெய்து, ஒழுங்கை முகப்பில் ஒரு பலகையில் எழுதி வைக்குமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதக் காசை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆதன வரி கட்டும் ஒரு வீட்டுக்காரி