ஆண்டு விழாவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

பெற்றோருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டே உதவிய நம்மூர்க்காரர்களுக்கும் வணக்கம்.

நம் உயர்நிலைப் பள்ளி ஆண்டு விழா நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கே மேடையில் நன்றியுரை சொன்னோம். ஆனால் நாட்டுப்பண் பாடும் நேரம் நெருங்கிவிட்டது, பிள்ளைகளுக்கோ பசி. பாதிப் பேரைச் சொல்லவே முடியவில்லை. விட்டுப்போனவர்கள் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உதவியவர்களில் பலர் "பேரெல்லாம் போடாதீங்க டீச்சர்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் யார் என்று ஊருக்குத் தெரியும்.

இந்த விழா ஏன் இவ்வளவு முக்கியமாகப் பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளியில் ஜெயித்தால் வட்டாரம், அப்புறம் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். நம் பிள்ளைகளும் போகிறார்கள். பரிசோடு வந்ததும் உண்டு, வெறுங்கையோடு வந்ததும் உண்டு. ஆனால் போட்டி நடப்பது வேறு ஊர்ப் பள்ளியில், வேலை நாளில், பகல் நேரத்தில். கொத்து வேலைக்குப் போகிற அப்பாவும் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவும் அங்கே எப்படி வர முடியும்? நடுவர்கள் பார்த்த பிள்ளையைப் பெற்றவர்கள் பார்த்ததில்லை. இந்த ஆண்டு அதை மாற்ற வேண்டும் என்றுதான் விழாவைச் சாயந்தரம் வைக்கச் சொன்னோம். தலைமையாசிரியர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இருட்டிய பிறகு பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கும் பொறுப்பைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் தலையில் போட்டுக்கொண்டது. அந்த இரண்டு முடிவும் இல்லையென்றால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

ஒத்திகைக்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு. பக்கத்து அறையில் கும்மியும் பறையும் கேட்டால் கணக்கு எப்படி ஏறும்? பறைக்கு ஊருணிக் கரை சரியாகப் போனது. கும்மிக்கும் நாடகத்துக்கும் என்ன செய்வது என்று நின்றபோதுதான் வடக்குத் தெரு ஆச்சி கூப்பிட்டுவிட்டார்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் முழுசாகத் திறக்கிற வீடு அது. முகப்புக் கதவைத் திறந்து, வீட்டின் உள்முற்றமான வளவு முழுவதையும் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுத்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்ததும் பெண் பிள்ளைகள் கால் வைக்கவே தயங்கினார்கள். ஆச்சி தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கல்லுக்கு ஒண்ணும் ஆகாது ஆத்தா, நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும், நல்லா ஆடுங்க" என்றார்கள். அன்றிலிருந்து விழா வரைக்கும் அந்த வளவில் சத்தம் ஓயவில்லை. சில நாள் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வேறு. ஆச்சி, உங்களுக்கு நாங்கள் என்ன செய்தாலும் ஈடாகாது.

கும்மிக்குக் கண்டாங்கிச் சேலை கட்ட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, காரைக்குடியின் பெருமை என்று பாடமாகச் சொல்லிவிடலாம், அத்தனை பேருக்கும் வாங்க முடியுமா? நெசவாளர் குடும்பம் ஒன்று தறியிலிருந்து இறக்கிய சேலைகளை நம்பி இரவல் கொடுத்தது. அடுத்த சிக்கல், பின்கொசுவம் வைத்துக் கட்ட எங்கள் ஆசிரியைகளில் ஒருவருக்கும் தெரியாது. விழா அன்று மத்தியானமே பாட்டிமார் கூட்டமாக வந்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பு அறையில் வரிசையாக நிற்க வைத்து, கொசுவத்தைப் பின்னால் கொண்டுபோய் விசிறி மாதிரி விரித்துவிட்டு, இடுப்பில் இறுக்கிச் செருகி, "இப்ப குதி பார்ப்போம்" என்று ஒவ்வொருத்தியையும் குதிக்க வைத்துப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். மேடையில் ஒரு சேலைகூட அவிழவில்லை.

நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வள்ளல் அழகப்பரைப் பற்றி நாடகம் போடலாம் என்று சொன்னது ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்தான். இந்தப் பக்கம் அவர் தொடங்கிய கல்லூரிகளில் படித்தவர் இல்லாத தெரு இருக்காது. அவர்களே உட்கார்ந்து எழுதினார்கள். அழகப்பா கல்லூரியில் படித்து, ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் தேதி, தொகை எல்லாவற்றையும் வரி வரியாகச் சரிபார்த்துக் கொடுத்தார். முதல் காட்சி 1947 ஜூலை 3. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம். செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கேட்கிறார். அழகப்பர் அங்கேயே எழுந்து ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அடுத்த மாதமே காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிடுகிறது. இரண்டாம் காட்சி சிக்ரி, அதாவது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்தது, 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டியது. நேருவாக வந்தவன் ஆறாம் வகுப்புப் பையன். சட்டையில் ரோஜாவைக் குத்திக்கொண்டு அவன் நடந்து வந்ததற்கே பந்தல் அதிர்ந்தது.

இந்தப் பிள்ளைகளுக்கு நடிக்கக் கற்றுக்கொடுத்தது, கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிற ஐயா. ராத்திரி நாடகம் முடித்துக் காலையில் வந்து இறங்கி, ரெண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, நாலு மணிக்கெல்லாம் வளவுக்கு வந்துவிடுவார். துணைவேந்தராக நடித்த மாணவிக்கு வெள்ளை வேட்டியை மடித்துத் தலைப்பாகை கட்டியவரும் அவரே.

ஒரு நாள் ஒத்திகையில் நடந்ததை மறக்க முடியாது. "நான் தருகிறேன் ஒரு லட்சம்" என்ற வசனத்தைக் கையை உயர்த்தி, குரலை ஏற்றி, நாடக முறைப்படி நீட்டிச் சொல்ல வேண்டும் என்று ஐயா சொல்லிக்கொடுத்தார். அழகப்பராக நடித்த பையன் ரெண்டு தரம் அப்படியே சொன்னான். அப்புறம் நின்றுவிட்டான். "ஐயா, கொடுக்கிறவர் எதுக்குக் கத்தணும்?" என்றான். வளவில் சத்தமே இல்லை. வயதில் பெரியவர், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் இப்படிக் கேட்டுவிட்டானே என்று எனக்குப் பதற்றம். ஐயா ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். "சரி, நீ சொல்றதுதான் சரி. மெதுவாவே சொல்லு. ஆனா கடைசியில உட்கார்ந்திருக்கிற கிழவிக்குப் போய்ச் சேரணும். அதுக்கு நான் வழி சொல்றேன்" என்றார். வயிற்றிலிருந்து மூச்சை எடுப்பது, சொல்லுக்கு முன்னால் ஒரு இடைவெளி விடுவது, கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்வது என்று அன்று முழுக்க அந்த ஒரு வசனத்துக்கே போனது. விழா அன்று அவன் அதைச் சொன்னபோது கைதட்டல் உடனே வரவில்லை. ஒரு நொடி கழித்து, மொத்தமாக வந்தது. கலையில் இத்தனை காலம் ஊறிய ஒருவர் ஒரு மாணவனின் கேள்விக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தது, ஆசிரியையாக எனக்கே பாடம். ஐயா, என் வணக்கம்.

ஊருணிக் கரையில் பறை கற்றுக்கொடுத்த அண்ணன்கள் பக்கத்து ஊரிலிருந்து சொந்தச் செலவில் வண்டி போட்டு வந்தார்கள். சம்பளம் என்று பேச்செடுத்ததற்கே கோபித்துக்கொண்டார்கள். ஆண், பெண் என்று பிரிக்காமல் கேட்ட எல்லோருக்கும் கற்றுக்கொடுத்ததற்குத் தனியாக ஒரு நன்றி. மைக்செட், பந்தல், நாற்காலி எல்லாம் பாதி வாடகைக்குத் தந்தவர்களுக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவருக்கும், துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் அனுப்பிய முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி. ஊராட்சித் தூய்மைப் பணியாளர்கள் மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மைதானத்தைப் பெருக்கி முடித்திருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர்களே, பொதுத்தேர்வு இருப்பதால் உங்களை மேடை ஏற்ற முடியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ திரை இழுக்கவும், தம்பி தங்கைகளுக்குப் பொட்டு வைக்கவும், அடுத்து யார் என்று பெயர் கூப்பிடவும் மேடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தது நீங்கள்தான். காரைக்குடிக்கு வேனில் போய்ப் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள், உங்களோடு சேர்ந்து அவர்களும் கத்தினார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்ததும் நீங்கள்தான். உங்களை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. தன் பிள்ளை ஆடி முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். ஒருவரும் போகவில்லை. பெற்றவர்கள் வர முடியாத பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு அத்தை எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்தேன்.

வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். யாரும் வந்து பார்க்கலாம். மீதிப் பணத்தில் பறைகளும் ஒரு ஆர்மோனியமும் வாங்குவது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியிருக்கிறோம். சேலைகள் துவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு வெள்ளிக் கொலுசும் மூன்று டிபன் பாக்ஸும் அலுவலகத்தில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மாணவர்கள், ஆசிரியர்கள் சார்பில்
உங்கள் தமிழாசிரியை