ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதியுங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மாவட்டத்தின் நன்னீர் மீன்வளத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மணி,

எங்கள் ஊர்க் குளத்தில் செப்பலி மீன் செத்து மிதந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் ஐஸ் பெட்டியில் எடுத்துப் போனீர்கள். நான்கு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: மீனின் தசையில் உலோகங்கள் அனுமதித்த அளவுக்குள் உள்ளன. அந்த அளவை நான் சந்தேகிக்கவில்லை. ஈரலை ஏன் பார்க்கவில்லை, சிறுநீரகத்தை ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேட்கிறேன்.

நான் உயிரியல் படிப்பிக்கிறவன். பொஸ்பேற்று உரத்தில் கட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருப்பதும், வயல் வடிகால் குளத்துக்கு வருவதும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை. மீனின் பூவில், அதாவது செவுளில், கல்சியம் நுழையும் அதே வழியால் கட்மியமும் உள்ளே போகும், இரையோடு குடலாலும் போகும். போனபின் உடம்பெங்கும் சமமாகப் பரவி நிற்காது. ஈரலும் சிறுநீரகமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிப்பது மெட்டலோதயோனின் என்ற சின்னப் புரதம். சுமார் 60 அமினோ அமிலங்களில் 20 சிஸ்டீன். அந்தச் சிஸ்டீன்களின் கந்தகம் சுற்றி நின்று 7 உலோக அயன்களைக் கட்டிப்போடும். வழக்கமாக அங்கே இருப்பது நாகம், அதாவது துத்தநாகம் என்ற உலோகம். கட்மியம் வந்தால் நாகத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். வெளியே வந்த நாகமோ, இன்னும் மெட்டலோதயோனினைச் செய்யும்படி கலத்தைத் தூண்டும். ஈரலில் கட்மியம் ஏறிக்கொண்டே போக, தசை வெகுகாலம் சுத்தமாகத் தெரிவது இதனால்தான்.

இரசம், அதாவது பாதரசம், என்றால் கதை வேறு. மெதைல் இரசம் தசைப் புரதத்தின் கந்தகத்திலேயே ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தசையைச் சோதிப்பது சரி. கட்மியத்துக்கும் அதே துண்டை வெட்டினால் எப்படி?

எங்கள் வீட்டுக் குசினியைச் சொல்கிறேன். விரால் வெட்டும்போது அம்மா பித்தப்பை உடையாமல் ஈரலை நகத்தால் கிள்ளி எடுப்பார். சினையோடு சேர்த்து, மஞ்சளும் மிளகும் போட்டுச் சின்னச் சட்டியில் வதக்கி, என் மகனுக்கென்று மூடி வைப்பார். முள்ளந்தண்டின் கீழே கருஞ்சிவப்புக் கோடாக ஒட்டியிருப்பதுதான் சிறுநீரகம். அதை யாரும் சுரண்டி எறிவதில்லை, துண்டோடு கறிக்குள் போகும். கொதித்தாலும் கட்மியம் அழியாது. மீன் செத்த நாளிலிருந்து அம்மா ஒவ்வொரு தடவையும் ஈரலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "மகன், இதைப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?" 20 வருடம் உயிரியல் படிப்பித்த எனக்கு இதற்குப் பதில் இல்லை. உங்கள் கடிதத்திலும் இல்லை.

பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக நோயோடு வாழும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதற்கு மீன்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த நோயின் பெயரைக் கேட்டாலே சனம் பயப்படுகிற இடத்தில், பார்க்க வேண்டிய உறுப்பைப் பார்க்காமல் "அளவுக்குள்" என்று எழுதி அனுப்புவது எங்களுக்கு வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஒரு வரியும் சிங்களத்தில் மட்டும் வந்தது. 1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி. மீனவர் சங்கத்துத் தலைவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கினார். வலை காயப்போட்டிருந்த மனிதர்கள் வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். செத்தது அவர்களுடைய குளத்து மீன்.

சரி, கோபத்தில் விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். செப்பலி, விரால், கெளுத்தி மூன்றிலும் ஈரலையும் சிறுநீரகத்தையும் பூவையும் தசையிலிருந்து பிரித்துச் சோதியுங்கள். முடிந்தால் அந்த உலோகத்தில் எவ்வளவு மெட்டலோதயோனினோடு கட்டுண்டிருக்கிறது என்றும் பாருங்கள். எதைத் தின்னலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று தமிழில் எழுதி, குளக்கட்டில் ஒரு பலகையாக வையுங்கள்.

மீனுக்கு நீங்கள் காசு தர வேண்டாம். எந்த நாளென்று சொன்னால் போதும், விடியற்காலை வலை இழுத்ததும் வயிறு கீறாமல் ஐஸில் போட்டு வைத்திருப்பதாகச் சங்கத்தார் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு திகதி தாருங்கள்.

இப்படிக்கு,
குளத்து மீன் தின்று வளர்ந்த ஓர் ஆசிரியர்
திருகோணமலை மாவட்டம்