படித்துறைச் சாக்கடைக்கு ஒரு கல்வாழைப் பாத்தி: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னை, மும்பை, துபாய் என்று போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

படித்துறைக்குச் சற்று மேலே மூன்று தெருச் சாக்கடையும் ஒன்றாகத் தாமிரபரணியில் விழுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லீவுக்கு ஊர் வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடியவர்கள் இப்போது வீட்டுக் குழாயடியில் குளித்துவிட்டுப் போகிறார்கள். பழி போட இங்கே ஆலை எதுவும் இல்லை. விழுவது அத்தனையும் நம் வீட்டுத் தண்ணீர்.

குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அழுக்கைத் தின்னும் கிருமிகள் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்பதுதான் பி.ஓ.டி. வீட்டுக் கழிவுநீரில் அது சர்வசாதாரணமாக 200-ஐத் தொடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சித்திரையில் ஆறு ஒடுங்கிக் கிடக்கும்போதும் சாக்கடை மட்டும் ஒடுங்குவதில்லை. நமக்குக் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் இதே ஆற்றைத்தான் குடிக்கின்றன.

சாக்கடை வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடித்து நாங்களே அளந்தோம். காலை 7 மணிக்கு 12 விநாடியில் நிறைந்தது, மதியம் ஒரு நிமிடம் ஆனது. நாள் முழுக்கக் கணக்கிட்டால் சுமார் 40,000 லிட்டர். இதைச் சுத்தம் செய்து ஆற்றில் விடப் பெரிய நிலையமோ மோட்டாரோ தேவையில்லை. முதலில் குப்பையை நிறுத்த ஒரு கம்பி வலை, அடுத்து சகதி படிய ஒரு தொட்டி. அப்புறம் தடுப்புச் சுவர்கள் வைத்த தொட்டியில் தண்ணீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகும்போது, காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அழுக்கில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கடைசியாக ஜல்லிப் படுகை, அதில் கல்வாழையும் சம்பங்கோரையும். வேர்களிலும் ஜல்லியிலும் ஒட்டியிருக்கும் கிருமிகள் மிச்ச வேலையைப் பார்க்கும். நிலம் ஆற்றை நோக்கிச் சரிவாக இருப்பதால் கரண்ட் செலவும் இல்லை. வெளிவரும் தண்ணீர் குடிக்க ஆகாது. ஆனால் இப்போது விழுவதோடு ஒப்பிட முடியாத அளவுக்குத் தெளிந்திருக்கும்.

கட்டுமானத்துக்கு 18 லட்சம் ரூபாய் மதிப்பீடு. அதோடு இன்னொரு 5 லட்சமும் கேட்கிறோம். "அது எதுக்குப்பா?" என்று கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த மாதிரித் தொட்டிகள் பழுதாவது பெரும்பாலும் கட்டிய விதத்தால் இல்லை, சகதி எடுக்காமல் விடுவதால். திறப்பு விழாவுக்குப் பணம் தர நூறு பேர் வருவார்கள். இரண்டு வருஷம் கழித்து சகதி உறிஞ்சும் லாரிக்கு வாடகை யார் கொடுப்பது? அந்த 5 லட்சத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியில் லாரி, வலை மாற்றுவது, ஆண்டுக்கு இரண்டு முறை தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் பார்த்துக்கொள்வோம். அசலைத் தொட மாட்டோம். தொட்டிக்குள் ஆளை இறக்கவும் மாட்டோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டம் அதைத் தடுக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது.

இதுவரை 7 லட்சத்து 20 ஆயிரம் சேர்ந்திருக்கிறது. புறம்போக்கு இடத்துக்கான அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் முதல் செங்கல். அனுமதி கிடைக்காவிட்டால் கொடுத்தவர்களுக்குப் பணத்தை அப்படியே திருப்பித் தருவோம்.

500 ரூபாயானாலும் சரி, மனம்போலக் கொடுங்கள். பணம் முடியாதவர்கள் ஒரு லோடு ஜல்லி, ஒரு நாள் கொத்து வேலை, தோட்டத்துக் கல்வாழைக் கிழங்கு என்று கொடுக்கலாம். அதையும் கணக்கில் எழுதுவோம். ட்யூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி உபயதாரர் பெயர் எழுதுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே பெயர்ப் பலகை கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வரவு செலவு மாதம்தோறும் நூலகச் சுவரில் ஒட்டப்படும்.

எண் போட்ட ரசீது இல்லாமல் யாரிடமும், எங்கள் குழுவினரிடமே ஆனாலும், பணம் கொடுக்க வேண்டாம். வீட்டுத் தண்ணீரோடு நாப்கினும் பிளாஸ்டிக் பையும் வராமல் இன்றிலிருந்தே பார்த்துக்கொண்டால் அந்தக் கம்பி வலையைக் கழுவப்போகிறவருக்குப் பெரிய உதவி.