மூன்றாவது பாரில் ஒரு ஃபிளாட்

பியானோ தேர்வுகளை நடத்தும் அமைப்புகளுக்கும், தேர்வுப் புத்தகங்களைத் தொகுப்பவர்களுக்கும் வணக்கம்.

பல வருடங்களாக வீட்டில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். போன முறை என் மாணவி ஒருத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஷோப்பானின் சி மைனர் பிரெலூடைத் தேர்வில் வாசித்தாள். ஓபஸ் (படைப்பு வரிசை எண்) 28, எண் 20. பதின்மூன்றே பார் (தாளக் கட்டம்) உள்ள சின்ன உருப்படி. மதிப்பெண் தாளில் 'மூன்றாவது பாரில் தவறான சுரம்' என்று எழுதி வந்தது. அவள் வாசித்தது ஈ ஃபிளாட், அதாவது அரைச் சுரம் இறக்கிய ஈ. தேர்வுப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது ஈ நேச்சுரல், அதாவது இறக்காத ஈ. எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. எங்கு வேண்டுமானாலும் இது நடந்திருக்கும் என்பதால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அது அந்தப் பாரின் கடைசி கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). சி மைனர் சுரவரிசையில் ஈ என்றாலே ஃபிளாட்தான். ஆனால் அதே பாரில் சற்று முன்னால் ஈ நேச்சுரல் வந்துவிடுகிறது. மறுபடி ஃபிளாட் குறி போடாவிட்டால் பார் முடியும்வரை நேச்சுரல்தான் என்பது விதி. 1839இல் பாரிஸில் அச்சான பதிப்பில் அங்கே குறி இல்லை. ஆனால் ஷோப்பானிடம் பாடம் கேட்ட ஸ்காட்லாந்துப் பெண்மணி ஜேன் ஸ்டிர்லிங் வைத்திருந்த அச்சுப் பிரதியில், அதே இடத்தில் பென்சிலால் ஃபிளாட் போட்டிருக்கிறது. போடவேண்டிய குறியை எழுத மறப்பது ஷோப்பானுக்கு வழக்கம்தான். நேச்சுரலாக வாசித்தால் அந்த கார்டில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போகும். ஃபிளாட்டாக வாசித்தால் இருட்டு அப்படியே நீளும். இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவள் நாலைந்து தடவை கேட்டுவிட்டு, 'இதுதான் மிஸ்' என்று ஃபிளாட்டைத் தேர்ந்தெடுத்தாள். அது தவறான சுரமா?

ஷோப்பானுக்கு 'மூலப் பதிப்பு' என்று ஒன்றே ஒன்று கிடையாது. நாடுகளுக்கிடையே பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லாத காலம் அது. அதனால் பெரும்பாலான படைப்புகளைப் பாரிஸ், லைப்சிக், லண்டன் என்று மூன்று ஊர்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்டார். பாரிஸில் பல படைப்புகளுக்கு அவரே புரூஃப் பார்த்தார். லைப்சிக்குக்குச் சில சமயம் அவர் கையெழுத்துப் படி போகும், சில சமயம் நண்பர் ஃபொன்டானா எடுத்த நகல் போகும். பிரெலூடுகளின் சமர்ப்பணம்கூட ஒன்றாக இல்லை: பாரிஸ் பதிப்பு பியானோ தயாரிப்பாளர் கமீய் பிளெயெலுக்கு, லைப்சிக் பதிப்பு பியானோ கலைஞர் கெஸ்லருக்கு. லண்டனில் வெஸ்ஸல் என்ற பதிப்பாளர் ஓபஸ் 9 நாக்டர்ன்களுக்கு 'சேன் நதியின் முணுமுணுப்புகள்' என்று தானாகவே பெயர் சூட்டி விற்றார். ஷோப்பானுக்கு அதில் கடுங்கோபம்.

ஒரு சுரத்தோடும் இது நிற்பதில்லை. பி ஃபிளாட் மைனர் சொனாட்டாவை (ஓபஸ் 35) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியைத் திருப்பி வாசிக்கும்போது எங்கிருந்து தொடங்குவது? லைப்சிக் பதிப்பில் ஐந்தாவது பாரில், வேகம் பிடிக்கும் இடத்தில், திருப்பக் குறியின் புள்ளிகள் இருக்கின்றன. பாரிஸ் பதிப்பில் அந்தப் புள்ளிகள் இல்லை. அதன்படி போனால் கனமான அந்த முதல் நான்கு பார்களும் திரும்பி வரவேண்டும். இரண்டு புள்ளிதான், ஆனால் அந்தப் பகுதியின் கட்டுமானமே மாறிவிடுகிறது. பெரிய கலைஞர்கள் இரண்டு விதமாகவும் வாசிக்கிறார்கள்; யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. புத்தகத்தில் ஒவ்வொரு உருப்படியின் அடியிலும், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள். முதற்பதிப்புகளோ ஷோப்பானின் மாணவர்களுடைய பிரதிகளோ வேறு சுரம் காட்டினால் அந்தச் சுரத்தைச் சின்ன எழுத்தில் மேலே அச்சிடுங்கள். தேர்வாளர்களுக்கு அனுப்பும் குறிப்பிலும் இந்த இடங்களைச் சேர்த்துவிடுங்கள். முதற்பதிப்புகளின் பக்கங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க நூலகம் நூலகமாக அலைய வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை, அவள் தேறிவிட்டாள். ஆனால் அடுத்த வகுப்புக்கு வந்தபோது தன் புத்தகத்தில் அந்த ஃபிளாட்டை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் இந்த மடல்.

அன்புடன்,
ஒரு பியானோ ஆசிரியை